பேரன் வாங்கிய பொம்மையும் கோதாவரிக் கரைக் கோரைப்பல்லும்

தசரா பொருட்காட்சியைப் பற்றி மைசூரில் வாழும் நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போன தசராவுக்கு என் பேரனை அங்கே அழைத்துப் போயிருந்தேன். ராட்டினம் சுற்றி, டில்லி அப்பளம் தின்று, திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் அவன் கால் நின்றுவிட்டது. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பன்னிரண்டு ரப்பர் மிருகங்கள். "டைனோசார் செட்" என்றார் கடைக்காரர். தாத்தாவின் பர்ஸ் திறந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேரன் அவற்றைக் கூடத்தில் வரிசையாக நிறுத்தினான். பதினொன்று ஒரு வரிசையில் நின்றன. ஒன்றை மட்டும் தனியே வைத்தான்.

"ஏண்டா கண்ணா, அதை மட்டும் ஒதுக்கிட்டே?" என்று கேட்டேன்.

"இது டைனோசார் மாதிரி இல்லை தாத்தா. நாய் மாதிரி நிக்குது, புலி மாதிரி பல்லு இருக்கு. இது யாரு?"

கையில் வாங்கிப் பார்த்தேன். நீண்ட தலை, தடித்த கழுத்து, மேல்தாடையிலிருந்து கத்தி போல இறங்கும் இரண்டு பற்கள். வயிற்றுப் பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்: இனாஸ்டிரான்செவியா. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்தவனுக்கு இந்தப் பெயர் எங்கே தெரியும்? "பார்த்துச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு ஒரு கேள்வி கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? மகளின் உதவியோடு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க அந்தப் பொம்மையின் சொந்தக்காரர்கள் ரஷ்யாவிலும் ஆப்பிரிக்காவிலும் மட்டுமல்ல, நம் நாட்டிலும் திரிந்தவர்கள் என்று தெரிய வந்தது. அதுவும் எந்த இடத்தில்? இளம் வயதில் நான் டிராலியில் போய் வந்த அதே கோதாவரிப் பள்ளத்தாக்கில்! அதோடு என் மனத்தில் பழைய நினைவு ஒன்று முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பேரனின் கேள்விக்குப் பதில்.

டைனோசார் அல்ல, நம்ம பக்கத்து உறவு

இந்த விலங்குக் கூட்டத்துக்குக் கார்கனாப்ஸியன் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் கார்கன் என்று ஓர் அரக்கி உண்டு. தலையில் மயிருக்குப் பதில் பாம்புகள். அவள் முகத்தைப் பார்த்தவர் கல்லாகிவிடுவாராம். சாமுண்டி மலையில் ஒரு கையில் வாளும் மறு கையில் பாம்புமாக நிற்கும் மகிஷாசுரனைப் பார்த்து நம் குழந்தைகள் மிரள்கிறார்கள் அல்லவா, அது போன்ற முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் ஓவன் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஒரு மண்டை ஓட்டுக்கு 1876-ல் கார்கனாப்ஸ் என்று பெயர் வைத்தார். அதிலிருந்து கூட்டத்துக்கே அந்தப் பெயர் வந்தது.

இவை வாழ்ந்தது பெர்மியன் என்னும் காலத்தில். இன்றைக்குச் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் காலம் முடிந்தது. முதல் டைனோசார் பிறப்பதற்கு அதன் பிறகும் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆயின. ஆக, டைனோசார் செட்டில் இந்தப் பொம்மைக்கு இடமே கிடையாது. பேரன் ஒதுக்கி வைத்தது சரிதான்!

வயதில் மட்டுமல்ல, வம்சத்திலும் வேறு. உங்கள் விரலைக் கண்ணுக்குப் பின்னால் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு, எதையோ மெல்வது போல் தாடையை அசைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு தசை புடைத்து அடங்குவது தெரியும். தாடையை இழுக்கும் அந்தத் தசைக்கு இடம் விட்டு, கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு துவாரம் கொண்ட மண்டை ஓடு நம் வம்சத்தின் அடையாளம். டைனோசார், முதலை, பறவை வம்சத்துக்குப் பக்கத்துக்கு இரண்டு துவாரம். கார்கனாப்ஸியனுக்கு நம்மைப் போல ஒன்றுதான்.

அப்படியானால் இது நம் பாட்டனா? அதுவும் இல்லை. பாலூட்டிகள் சைனோடான்ட் என்னும் வேறொரு கிளையிலிருந்து வந்தவை. அந்தக் கிளையும் கார்கனாப்ஸியன் கிளையும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. நம் ஊர் வழக்கில் சொன்னால் இது நம் பாட்டனுக்குப் பங்காளி. வாரிசு இல்லாமல் போன பங்காளி.

தலை முதல் கால் வரை

அளவில் இவை பலதரப்பட்டவை. 2024-ல் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவிலிருந்து அறிவிக்கப்பட்ட, 27 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒன்று நாய் அளவுதான். பேரனின் பொம்மைக்கு மூலமான இனாஸ்டிரான்செவியாவோ தலை மட்டும் சுமார் 60 சென்டிமீட்டர். உடம்பு நீளம் 3 மீட்டருக்கு மேல். ரஷ்யாவின் வடக்கே துவினா ஆற்றங்கரையில் விளாதிமிர் அமலீட்ஸ்கி என்ற பேராசிரியர் அதைத் தோண்டி எடுத்தார். அவர் எழுதிய வருணனை அவர் காலமான பிறகு 1922-ல்தான் அச்சேறியது. நம் மைசூர் மிருகக்காட்சி சாலையில் புலிக்கூண்டுக்கு முன் நின்று பாருங்கள். அந்தப் புலியின் மண்டை ஓடு இதில் ஏறக்குறைய பாதியைச் சற்றே மிஞ்சும், அவ்வளவுதான்.

ஆனால் இது புலி மாதிரி நடந்திருக்காது. புலியின் நான்கு கால்களும் உடம்புக்கு நேர் கீழே தூண் போல நிற்கின்றன. ஓணானின் கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. இது இரண்டுக்கும் இடைப்பட்டது. பின்கால்களை உடம்புக்குக் கீழே ஓரளவு கொண்டுவர முடியும். முன்கால்கள் இன்னும் கொஞ்சம் விரிந்தே இருந்தன. மூளை சிறியது. உச்சந்தலையில் ஒரு சின்னத் துவாரம் உண்டு; ஓணான் போன்ற பிராணிகளுக்கு இன்றும் உள்ளது போல, வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண் அங்கே இருந்தது. நெற்றிக்கண் உள்ளவர் நம் சிவபெருமான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!

உடம்புச் சூடு எப்படி? காதுக்குள் சமநிலை காக்கும் மூன்று சிறு வளையக் குழாய்கள் உண்டு. அவற்றுள் ஓடும் திரவம் உடம்பு சூடானால் இளகும், குளிர்ந்தால் கெட்டியாகும். எஞ்சினுக்குக் கோடையில் ஒரு கிரேடு ஆயில், குளிரில் ஒரு கிரேடு என்று மாற்றுவோமே, அதே சங்கதி. திரவம் மாறினால் குழாயின் அளவும் மாறியாக வேண்டும். அந்த அளவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, நம் போன்ற நிலையான வெப்ப ரத்தம் கார்கனாப்ஸியன்களுக்கெல்லாம் பிறகு, பாலூட்டிகளின் நெருங்கிய முன்னோரிடம்தான் வந்தது என்கிறது. ஆகவே காட்டு நாய் போல மைல் கணக்கில் துரத்தி இளைக்க வைக்கும் வேட்டை இதற்குச் சரிப்பட்டிருக்காது. பதுங்கி இருந்து, அருகில் வந்ததும் குறுகிய தூரம் பாய்ந்து பிடிக்கும் வேட்டையே பொருத்தம்.

சம்மட்டியும் குறடும்

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. இந்த விலங்கின் தாடை ஒரு நல்ல யந்திரம்.

எந்தத் தாடையும் ஒரு நெம்புகோல்தான். பின்னால் கீல், நடுவில் இழுக்கும் தசை, முன்னால் பல். பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் உடையும். நுனியில் வைத்தால் உடையாது. ஆனால் நுனிதான் அதிக தூரமும் அதிக வேகத்திலும் நகரும். கார்கனாப்ஸியனுக்குக் கீலுக்குப் பக்கத்தில் இருந்த கன்னப்பற்கள் மிகச் சிறியவை; சில இனங்களில் அவை அறவே இல்லை. அதாவது மெல்லுவது, நொறுக்குவது என்ற வேலையே கிடையாது. கனமான பற்கள் எல்லாம் வாயின் முன்பக்கம்.

கோரைப்பல் நீளமாக இருந்தால் மட்டும் போதாது. அது கீழ்த்தாடையைத் தாண்டி வெளியே வரும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். இவற்றின் கீல் அமைப்பு வாயை மிக அகலமாக, செங்கோணத்தை நெருங்கும் அளவுக்குத் திறக்க இடம் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர் டி. எஸ். கெம்ப் 1969-ல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவர் சொன்னதை நம் ரயில்வே மொழியில் சொல்கிறேன். ஸ்லீப்பரில் ஆணி அடிக்கும் கீமேன் சம்மட்டியை ஆணித் தலையில் வைத்து அழுத்துவதில்லை. தோளுக்கு மேலே ஓங்கி, வேகம் சேர்த்து இறக்குகிறார். அடிக்கும் வேலையைச் செய்வது அந்த வேகம்தான். அது போலவே அகலத் திறந்த தாடை வேகம் சேர்த்து மூடும்போது கோரைப்பற்கள் இரையின் தோலுக்குள் இறங்குகின்றன. இது சம்மட்டி.

இறங்கிய பிறகு வேலை மாறுகிறது. மேலும் கீழும் உள்ள வெட்டுப்பற்கள் பெரியவை. மேலே பக்கத்துக்கு ஐந்து. வாய் மூடும்போது அவை சைக்கிள் செயினும் பல்சக்கரமும் போல ஒன்றன் இடைவெளியில் ஒன்று பொருந்தின. கீலில் உள்ள எலும்பு மண்டையோடு இறுக்கமாக ஒட்டாமல் சிறிது நகரும் இடைவெளியோடு இருந்தது என்றும் கெம்ப் கண்டார். தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே நாங்கள் விடும் இடைவெளி நினைவுக்கு வந்தது. கோரைப்பல் பிடித்துக்கொள்ள, வெட்டுப்பற்கள் கவ்வ, தடித்த கழுத்து இழுக்க, சதை துண்டாகப் பிய்ந்து வரும். இது குறடு. பிய்ந்ததை அப்படியே விழுங்க வேண்டியதுதான்.

அந்தக் கோரைப்பல்லின் விளிம்பு வழவழப்பானது அல்ல. ஹேக்ஸா பிளேடு போல நுண்ணிய பல் வரிசை கொண்டது. 2020-ல் அப்பற்களைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேலே எனாமலும் உள்ளே பல்லின் எலும்புப் பொருளும் சேர்ந்து கட்டிய உறுதியான வெட்டு விளிம்பு தெரிந்தது. மாமிசம் தின்னும் டைனோசார்களின் சிறப்பு என்று கருதப்பட்ட இதே அமைப்பை, அவற்றுக்கு முன்பே நம் பங்காளி கையாண்டிருக்கிறார்.

இவ்வளவு நீண்ட பல் உடைந்து போனால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. நமக்குப் பால் பல்லுக்குப் பின் ஒரே ஒரு தடவைதான் பல் முளைக்கிறது. இதற்குக் கோரைப்பல் பல தடவை மாறியது. பக்கத்துக்கு இரண்டு பற்குழிகள். ஒன்றில் பழைய பல் வேலையில் இருக்கும்போதே அடுத்ததில் புதியது வளரும். புதியது தயாரான பிறகே பழையது விழும். ஸ்பேர் கையில் இல்லாமல் எந்தப் பாகத்தையும் கழற்றாதே என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இயற்கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இதன் வாழ்க்கையும் சுகமானதாக இல்லை. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஒரு கார்கனாப்ஸியனின் மூக்கெலும்பில் வேறொரு விலங்கின் உடைந்த பல் புதைந்திருப்பதை 2021-ல் அறிவித்தார்கள். பல்லைச் சுற்றி எலும்பு வளர்ந்து ஆறியிருக்கிறது. முகத்தில் அடுத்தவன் பல்லோடு அந்த விலங்கு பிறகும் வாழ்ந்திருக்கிறது! கடித்தது இன்னொரு கார்கனாப்ஸியனாகவே இருக்கலாம். ஓநாய்கள் இன்றும் ஒன்றை ஒன்று முகத்தில் கடித்து அதிகாரம் காட்டுகின்றன.

இன்னும் ஒரு வியப்பு. கார்கனாப்ஸியனின் தாடைக் கீலாக இருந்த இரண்டு எலும்புகள், நம் முன்னோர் கிளையிலும் அப்போது கீலாகவே இருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நம் கிளையில் வேறு கீல் உருவாக, இந்த இரண்டும் சிறுத்து நடுக்காதுக்குள் குடியேறின. பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் அவைதாம். சபாக் கச்சேரியில் நாம் சங்கீதம் கேட்பது பழைய தாடைக் கீலை வைத்துக்கொண்டுதான்.

கோதாவரிக் கரையில்

சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ டில்லிக்குப் போனவர்கள் நம்மில் பலர். வாரங்கல் தாண்டி, ராமகுண்டம் தாண்டி, கோதாவரிப் பாலத்தைக் கடந்தால் மஞ்சிரியால், அடுத்து பெல்லம்பள்ளி. ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிச் சுரங்கங்களும் சிவந்த மண்ணும் தெரியும். நாம் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்போம்.

அந்த நிலக்கரி சிங்கரேணி நிலக்கரி. கார்கனாப்ஸியன் காலத்துக்குச் சற்று முந்திய காடுகள் புதைந்து உண்டானது. அப்போது இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக் கிடந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். எங்கிருந்து வந்த பெயர்? நம் நாட்டுக் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயர்தான் அது. ஆதிலாபாத் காடுகள் அவர்களின் பூமி. அவர்கள் பேசும் கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். எங்கள் கேங்கில் வேலை செய்த கோண்டு தொழிலாளிகள் தங்களுக்குள் பேசும்போது இடையில் ஒரு சொல் தமிழ் போலவே காதில் விழும்.

நிலக்கரி அடுக்குகளுக்கு மேலே, பழைய ஆதிலாபாத் மாவட்டத்தில் குண்டாரம் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் செந்நிறக் களிமண் பாறை இருக்கிறது. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த டி. எஸ். குட்டி, அங்கிருந்து பெர்மியன் காலத்து விலங்குகளின் புதைபடிவங்களை 1972-ல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். புள்ளிவிவர நிறுவனத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அந்த நிறுவனத்தை நிறுவிய பேராசிரியர் மகாலனோபிஸ், லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற பெண் அறிஞரை 1950-களில் அழைத்து வந்து அங்கே புவியியல் பிரிவைத் தொடங்க வைத்தார். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த பாரபாசாரஸ் என்ற மாபெரும் டைனோசாரின் எலும்புக்கூடு அங்கேதான் நிற்கிறது.

அதே நிறுவனத்தின் சங்கமித்ரா ராய், குண்டாரத்தில் கிடைத்த ஒரு தாவர உண்ணிக்கு 2000-ல் எண்டோதியோடான் மகாலனோபிஸி என்று அந்தப் பேராசிரியரின் பெயரையே சூட்டினார். 2003-ல் அவரும் சாஸ்வதி பந்தோபாத்யாயாவும் குண்டாரத்து விலங்குகள் அனைத்தையும் தொகுத்து எழுதினார்கள். ஆமை போன்ற அலகுடைய தாவர உண்ணிகள் பல. சிறிய பிரிஸ்டெரோடான், சிஸ்டெசெஃபாலஸ் முதல் பெரிய எண்டோதியோடான் வரை. அவற்றுக்கு நடுவில் வேட்டையாடியாக நடுத்தர அளவுள்ள ஒரு கார்கனாப்ஸியன்!

மேய்கிறவை நிறையவும் வேட்டையாடுவது கொஞ்சமாகவும் இருப்பதுதான் காட்டுக் கணக்கு. அதனால் வேட்டையாடியின் எலும்பு கிடைப்பது அரிது. அரிதாக இருப்பதால் ஒவ்வொரு துண்டும் மதிப்புடையது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் தூக்கிப் போடச் சொன்ன கல்

டிப்ளமா முடித்து 1980-களில் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராக நான் பணியாற்றிய முதல் செக்ஷன்களில் அந்தப் பகுதியும் ஒன்று. ஒரு மழைக்காலத்தில் கரை அரித்துவிட்டது. வேகத்தடை போட்டு வண்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். சரிவில் பதிக்க லாரியில் கல்லும் முரம்பும் வந்தபடி இருந்தன. சில கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஓடைப்பக்கத்தில் அள்ளியது.

இரண்டாம் நாள் மாலை கேங் மேஸ்திரி ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தேங்காயை விடச் சற்றுப் பெரியது. இரும்புத் துரு நிறம். நல்ல கனம். "சார், இதுல பாருங்க, பல்லு மாதிரி இருக்கு" என்றார். ஒரு பக்கத்தில், உடைந்த இடத்தில், வளைந்த கருப்பாக ஏதோ ஒன்று பளபளத்தது. அரை நிமிஷம் பார்த்திருப்பேன். மழை கொட்டுகிறது. வண்டி காத்திருக்கிறது. "பல்லாவது ஒண்ணாவது, அதைக் கரையிலே போடுப்பா, ராத்திரிக்குள்ளே லைன் கிளியராகணும்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கல் சரிவுக்குள் போயிற்று. அதன் மேல் வேறு கற்கள் போயின.

அதை நான் மறந்தே போனேன். நாற்பது வருஷம் கழித்துப் பேரனின் பொம்மைக்காகப் படிக்கும்போது, குண்டாரத்துப் புதைபடிவங்கள் இரும்பு ஏறிய கடினமான கல்லுக்குள் பொதிந்து கிடைப்பவை என்று ஒரு வரி கண்ணில் பட்டது. துரு நிறமும் கனமும் அந்த மழையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

அது புதைபடிவம்தான் என்று நான் சாதிக்கவில்லை. வெறும் இரும்புக்கல்லாக இருக்கலாம். மரத்துண்டாக இருக்கலாம். ஆனால் "இல்லை" என்று சொல்லும் உரிமையையும் நானே அன்றைக்கு மண்ணில் புதைத்துவிட்டேன். 1972-லேயே அச்சில் வந்த செய்தி. அந்த மண்ணில் வேலை செய்த எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் இருந்ததில்லை. படிக்காத மேஸ்திரி நின்று கவனித்தார். படித்தவன் நான் கவனிக்கவில்லை. இன்றும் அந்தக் கரை மீது வண்டிகள் போகின்றன. அவற்றில் நம் மக்கள் உட்கார்ந்து போகிறார்கள்.

பேரனிடம் இதை மறைக்காமல் சொன்னேன். "ஏன் தாத்தா தூக்கிப் போடச் சொன்னே?" என்று கேட்டான். "அவசரம்டா" என்றேன். "அது 25 கோடி வருஷம் காத்திருந்துச்சே தாத்தா, நீ ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா?" என்றான். என்ன பதில் சொல்வது?

பங்காளியின் முடிவு

25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. காற்று கெட்டது, உலகம் சூடேறியது. கடல்வாழ் இனங்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் அழிந்தன. நிலத்திலும் பேரழிவு. தென்னாப்பிரிக்காவில் உள்ளூர்க் கார்கனாப்ஸியன்கள் முதலில் மறைய, அந்தக் காலி இடத்துக்கு வடக்கேயிருந்து இனாஸ்டிரான்செவியா வந்து சேர்ந்ததை 2023-ல் கண்டுபிடித்தார்கள். அதுவரை அது ரஷ்யாவில் மட்டுமே அறியப்பட்ட விலங்கு. ஒட்டிக் கிடந்த கண்டங்களின் வழியே அத்தனை தூரம்! வந்த இடத்திலும் நிலைக்கவில்லை. இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் தலைமை வேட்டையாடியின் நாற்காலி நான்கு முறை கை மாறியது என்கிறார்கள். கடைசியில் கார்கனாப்ஸியன் குலமே பூண்டற்றுப் போயிற்று.

பிழைத்தவர் யார்? பலசாலிகள் அல்ல. லிஸ்ட்ரோசாரஸ் என்ற பன்றி போன்ற தாவர உண்ணி பிழைத்தது. அதன் எலும்புகள் வங்காளத்து ராணிகஞ்ச் பக்கத்திலும், தென்னாப்பிரிக்காவிலும், அண்டார்டிகாவிலும் கிடைக்கின்றன. கண்டங்கள் ஒட்டியிருந்தன என்பதற்கு அது ஒரு சாட்சி. கூடவே சில சிறிய சைனோடான்ட்களும் பிழைத்தன. அந்தச் சின்ன உருவங்களின் வம்சத்தில்தான் புலியும் யானையும் இதைப் படிக்கும் நீங்களும் வந்தீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

மைசூரில் இதைத் தேடிப் பயனில்லை. நம் சாமுண்டி மலைக் கிரானைட் ஏறக்குறைய 80 கோடி ஆண்டுப் பழசு. சுற்றியுள்ள பாறைகள் அதைவிட மிகமிகப் பழையவை. விலங்கின் எலும்பு அவற்றில் இருக்க வழியில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது திருவக்கரையில் கல்மரங்களைக் காட்டலாம். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்ததைச் சொல்லும் கிளிஞ்சல் கற்களைக் காட்டலாம். கரஞ்சி ஏரிக் கரையிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நமக்கு வீட்டு வாசலில் இருக்கிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் சைட் என்ஜினீயர்களாக, சாலையிலும் சுரங்கத்திலும் அணையிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். மண்ணில் வித்தியாசமாக ஏதாவது தென்பட்டால், அதுவும் ஒரு தொழிலாளி நின்று கவனித்துக் கொண்டுவந்து காட்டினால், அரை நிமிஷத்தில் தள்ளிவிடாதீர்கள். உடைக்காதீர்கள், கழுவிச் சுரண்டாதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி, ஒரு படம் எடுத்து வையுங்கள். இடம் தெரியாத எலும்பு முகவரி இல்லாத கடிதம் போன்றது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கோ தெரிவியுங்கள். அந்தத் துறை 1851-ல் தொடங்கியதே நிலக்கரி தேடத்தான்; ரயிலுக்கும் அதற்கும் பழைய உறவு.

பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் "எனக்குப் பிடித்த விலங்கு" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்றக் குழந்தைகள் யானை, மயில் என்று எழுத, இவன் "என் பாட்டனின் பங்காளி" என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறான். கடைசி வரி இது: "எங்கள் தாத்தா அதன் பல்லைப் பார்த்தார். ஆனால் பார்க்கவில்லை."

ஆசிரியை அதன் கீழே "வாக்கியம் முரணாக உள்ளது" என்று சிவப்பு மையில் குறித்திருந்தார். முரண் இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.